மைக்ராட்டுக்குப் போனது ஏன், போகாதது ஏன்: எச்எஸ்எம் குறிப்புகள்

மெயின்பிரேமின் கோப்புப் பட்டியல் திரையான ஐஎஸ்பிஎஃப் 3.4-இல் ஒரு டேட்டாசெட்டை, அதாவது ஒரு கோப்பை, தேடுகிறீர்கள். அது இருக்கும் வால்யூமின் (டிஸ்க் அல்லது டேப்பின்) பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மைக்ராட்1 என்றோ மைக்ராட்2 என்றோ நிற்கிறது. அப்படி ஒரு டிஸ்க் எங்கேயும் கிடையாது. இசட்/ஓஎஸ் ஓடும் ஐபிஎம் மெயின்பிரேம்களில், யாரும் தொடாமல் கிடக்கும் டேட்டாவை விலை கூடிய டிஸ்கிலிருந்து இறக்கி வைக்கும் வேலையை டிஎஃப்எஸ்எம்எஸ் எச்எஸ்எம் பார்க்கிறது. இறக்கி முடித்ததும், எந்த டேட்டாசெட் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கேட்லாகில் வால்யூம் சீரியலை (வால்யூம் பெயரை) மைக்ராட் என்று மாற்றி எழுதிவிடும். கடைசியில் 1 என்றால் டேட்டா இன்னும் ஏதோ ஒரு டிஸ்கில் சுருங்கிய வடிவில் இருக்கிறது. 2 என்றால் டேப்பில். இதே வேலையைச் செய்யும் வேறு கம்பெனிகளின் புராடக்டுகளும் உண்டு. இங்கே பேச்சு எச்எஸ்எம் பற்றி மட்டும்.

அடுக்குகள் மூன்று. அப்ளிகேஷன்கள் நேரடியாகப் பயன்படுத்தும் டிஸ்க் எல்0. எச்எஸ்எம் தனக்கென வைத்துக்கொள்ளும் டிஸ்க் எம்எல்1. பெரும்பாலும் டேப்பாக இருப்பது எம்எல்2. எல்0-விலிருந்து இறக்குவது பிரைமரி ஸ்பேஸ் மேனேஜ்மென்ட், எம்எல்1-இலிருந்து எம்எல்2-வுக்குத் தள்ளுவது செகண்டரி ஸ்பேஸ் மேனேஜ்மென்ட். இரண்டும் தினமும் குறித்த நேரத்தில் ஓடும். செகண்டரி முதலில் முடிந்து எம்எல்1-இல் இடம் காலியான பிறகு பிரைமரி தொடங்குவதுதான் முறை. தலைகீழாக வைத்தால் எம்எல்1 நிறைந்து, பிரைமரி பாதியில் தடுமாறும்.

இவ்வளவும் மேனுவலில் இருக்கிறது. ஆனால் ஸ்டோரேஜ் டீமுக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டே வகை: "இது ஏன் போய்விட்டது?", "இது ஏன் இன்னும் போகவில்லை?" இரண்டுக்கும் பதில் தேட வேண்டிய முதல் இடம் ஒன்றுதான்.

அது டிஸ்கின் உள்ளடக்க அட்டவணையான விடாக்கில், டேட்டாசெட்டின் ஃபார்மட்-1 டிஎஸ்சிபி என்ற விவரக் குறிப்பில் உள்ள கடைசியாகத் தொட்ட தேதி. மூன்று பைட் மட்டுமே: ஒரு பைட்டில் 1900-இலிருந்து எத்தனையாவது ஆண்டு, இரண்டு பைட்டில் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். மணி, நிமிடம் கிடையாது. யார் திறந்தார்கள், படித்தார்களா எழுதினார்களா என்பதும் கிடையாது. ஓப்பன் நடந்தால் தேதி புதுசாகும், அவ்வளவே. டேட்டாசெட்டுக்கான விதித் தொகுப்பான மேனேஜ்மென்ட் கிளாஸில் "பிரைமரி டேஸ் நான்-யூசேஜ்" என்று 30 போட்டிருந்தால், இந்தத் தேதிக்கும் இன்றைக்கும் உள்ள இடைவெளியைத்தான் எச்எஸ்எம் பார்க்கிறது. டேட்டாவுக்கு வயசானதா, பிசினஸுக்கு அது தேவையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அதனால் வரும் கோளாறு இது. வாரம் ஒருமுறை எல்லா லைப்ரரிகளையும் திறந்து ஏதோ ஒரு சொல்லைத் தேடும் ஜாப், பாதுகாப்பு ஆடிட்டுக்காக எல்லாவற்றையும் படித்துப் பார்க்கும் ஸ்கேனர், ரிப்போர்ட் எடுப்பதற்காக யாரோ எழுதி வைத்த ரெக்ஸ் ஸ்கிரிப்ட்: இவற்றில் ஏதாவது ஒன்று ஓடினால் போதும். ஐந்து வருஷமாக எந்த அப்ளிகேஷனும் தொடாத டேட்டாசெட்கூட நேற்றுத்தான் பயன்பட்டதுபோலத் தெரியும். 30 நாள் விதி இருக்க, 7 நாளுக்கு ஒருமுறை தேதி புதுப்பிக்கப்பட்டால் அது ஒருபோதும் கீழே இறங்காது. டிஎஃப்எஸ்எம்எஸ்டிஎஸ்எஸ் எடுக்கும் வால்யூம் டம்ப்பும் எச்எஸ்எம்மின் பேக்கப்பும் இந்தத் தேதியைக் குலைப்பதில்லை. ஆனால் பேக்கப் என்ற பெயரில் ஐடிகேம்ஸ் ரெப்ரோ, ஐஇபிஜெனர் போன்ற நகல் யுட்டிலிட்டிகளை வைத்து நகல் எடுத்தால் அது சாதாரண ஓப்பன்தான், தேதி மாறும்.

கண்டுபிடிக்க எளிய வழி: ஐடிகேம்ஸின் டிகலெக்ட் கமாண்ட். எல்லா எல்0 வால்யூம்களுக்கும் ஓட்டினால் டேட்டாசெட்டுக்கு ஒரு டி ரெக்கார்டு வரும். கடைசியாகத் தொட்ட தேதி, ஒதுக்கிய இடம், உண்மையில் நிரம்பிய இடம், மேனேஜ்மென்ட் கிளாஸ் எல்லாம் அதில் இருக்கும். மைக்ரேட் டேட்டா ஆப்ஷனும் போட்டு எம்சிடிஎஸ்ஸுக்கு (எது எங்கே இறங்கியது என்ற எச்எஸ்எம்மின் பதிவேடு) டிடி, அதாவது ஜாபில் கோப்பைக் குறிக்கும் வரி, கொடுத்தால், ஏற்கெனவே இறங்கியவற்றுக்கு எம் ரெக்கார்டுகளும் வரும். தேதிவாரியாக டிஎஃப்சார்ட்டில் கூட்டிப் பாருங்கள். இயல்பான இடத்தில் இன்று தொடங்கிப் பின்னோக்கி மெல்லக் குறைந்துகொண்டே போகும். ஒரே ஞாயிற்றுக்கிழமைத் தேதியில் பல்லாயிரம் டேட்டாசெட்டுகள் குவிந்து நின்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடிய ஜாப் எது என்று பார்த்தால் போதும்.

தேதி சரியாக இருந்தும் போகவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது ஸ்டோரேஜ் குரூப்பின் (சேர்த்து நிர்வகிக்கும் வால்யூம்களின் தொகுதி) த்ரெஷ்ஹோல்டு, அதாவது வால்யூம் எத்தனை சதவீதம் நிரம்பலாம் என்ற வரம்பு. ஹை 85, லோ 70 என்று வைத்திருப்பதாகக் கொள்வோம். பிரைமரி ஸ்பேஸ் மேனேஜ்மென்ட் ஒரு வால்யூமுக்குள் நுழைந்ததும் காலாவதியானதை அழிக்கும், வீணாக ஒதுக்கிய இடத்தை மேனேஜ்மென்ட் கிளாஸ் அனுமதித்தால் விடுவிக்கும், பிறகுதான் தகுதியானவற்றை இறக்கத் தொடங்கும். வால்யூம் 70-க்குக் கீழே வந்ததும் நின்றுவிடும். மிச்சம் இருப்பவை 200 நாள் தூங்கினாலும் அங்கேயே இருக்கும். இது பிழை இல்லை, வடிவமைப்பே அப்படி. தகுதியான அனைத்தும் போக வேண்டும் என்றால் லோ த்ரெஷ்ஹோல்டை 1-க்கு இறக்க வேண்டும். இறங்கும் வரிசை பெயர்படி இல்லை. அளவும் தூங்கிய நாளும் சேர்ந்து முன்னுரிமை தருகின்றன. அதனால் பெரிய டேட்டாசெட்டுகள் போய், குட்டிகள் தங்கிவிடுவது வழக்கம்.

ஸ்டோரேஜ் குரூப்பின் ஆட்டோ மைக்ரேட் எழுத்தும் கவனிக்க வேண்டியது. ஒய் என்றால் தினசரி ஓட்டத்தோடு, ஹை த்ரெஷ்ஹோல்டைத் தாண்டும்போது மணிக்கொருமுறை வரும் இன்டர்வல் மைக்ரேஷனும் தொடும். ஐ என்றால் ஹைக்கும் லோவுக்கும் நடுவில், மேலே சொன்ன கணக்கில் 77.5 தாண்டும்போதே இன்டர்வல் தொடங்கும். பி என்றால் தினசரி மட்டும். மணிக்கொருமுறை பார்ப்பது பழைய முறை. இசட்/ஓஎஸ் 1.13-இலிருந்து ஆன்-டிமாண்ட் மைக்ரேஷன் வந்துவிட்டது. வால்யூம் ஹையைத் தாண்டிய அப்போதே வேலை தொடங்கும், எல்லா வால்யூம்களையும் மணிக்கொருமுறை துழாவ வேண்டியதில்லை. இன்னும் அதை இயக்காத இடங்கள் இருப்பது புரியாத விஷயம்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது. மேனேஜ்மென்ட் கிளாஸ் பேக்கப் கேட்கிறது, ஆனால் கடைசி மாற்றத்துக்குப் பிறகு பேக்கப் எடுக்கவில்லை என்றால் எச்எஸ்எம் அந்த டேட்டாசெட்டை இறக்காது. ஆட்டோ பேக்கப் ஒரு வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தால் அதை யாரும் கவனிப்பதில்லை. எல்0 நிறைந்து ஜாப்கள் இடமில்லாமல் பி37, இ37 அபென்டில் விழும்போதுதான் தெரியும். மைக்ரேஷன் லாகைப் பார்ப்பதற்கு முன் பேக்கப் லாகைப் பாருங்கள்.

லாகில் தேட வேண்டிய மெசேஜ் ஏஆர்சி0734ஐ. என்ன செய்தது, எந்த வால்யூமிலிருந்து எதற்கு, எத்தனை டிராக், ரிட்டர்ன் கோடு, ரீசன், தூங்கிய நாள், டேட்டாசெட் பெயர் எல்லாம் அந்த ஒரே மெசேஜில் இருக்கும். ரிட்டர்ன் கோடு பூஜ்யம் அல்லாதவற்றை மட்டும் வடிகட்டி, ரீசன்வாரியாக எண்ணி வைத்தால் காலை வேலையில் பாதி முடிந்தது.

குட்டி டேட்டாசெட்டுகள் தனிக் கதை. 3390 டிஸ்கில் ஒரு டிராக் 56,664 பைட். 80 பைட் நீளத்தில் 40 வரி உள்ள ஒரு ஜேசிஎல் (ஜாபை இயக்கும் கட்டளைகள்) கோப்பு 3,200 பைட்தான், ஆனால் டிஸ்கில் அதற்கும் முழு டிராக். எம்எல்1-க்கு இறக்கிச் சுருக்கினாலும் அங்கேயும் ஒரு டிராக்குக்குக் குறையாது, லாபம் பூஜ்யம். இதற்காகத்தான் ஸ்மால் டேட்டாசெட் பேக்கிங், சுருக்கமாக எஸ்டிஎஸ்பி. எம்எல்1 வால்யூமில் நாம் ஒரு விசாம் கேஎஸ்டிஎஸ்ஸை (சாவி வைத்து ரெக்கார்டுகளைத் தேடும் கோப்பு) உருவாக்கி வைத்தால், எச்எஸ்எம் குட்டிகளை ரெக்கார்டுகளாக அதற்குள் அடைத்துவிடும். எத்தனை கிலோபைட்டுக்குக் கீழே இருப்பது குட்டி என்று எச்எஸ்எம்மின் அமைப்புக் கமாண்டான செட்சிஸ்ஸில் சொல்ல வேண்டும். இந்த கேஎஸ்டிஎஸ்ஸில் சேர்ப்பதும் அழிப்பதும் நடந்துகொண்டே இருப்பதால் காலப்போக்கில் சிதறிப்போகும். அவ்வப்போது ரீஆர்க் (மறுசீரமைப்பு) செய்யாவிட்டால் "இடம் இல்லை" என்று சொல்லி, குட்டிகளை மறுபடியும் தனித்தனி டிராக்குகளாகவே எம்எல்1-இல் வைக்க ஆரம்பித்துவிடும்.

எம்எல்1 தேவையா என்ற கேள்வியும் இப்போது எழுகிறது. டிஎஸ்7700 போன்ற வர்ச்சுவல் டேப்பில் டேப் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் டிஸ்க் கேஷ்தான். திரும்ப எடுக்க சில வினாடி ஆகும். பிறகு ஏன் சுருக்கி ஒரு டிஸ்கில் வைத்து, மறுபடி படித்து இன்னொரு இடத்துக்குத் தள்ள வேண்டும்? மேனேஜ்மென்ட் கிளாஸில் லெவல் 1 நாட்களை 0 ஆக்கினால் நேராக எம்எல்2-வுக்குப் போய்விடும், சிபியு செலவும் ஒரு பங்கு மிச்சம். குட்டிகளை மட்டும் எம்எல்1-இலும் பெரியவற்றை நேராக டேப்பிலும் வைப்பது நல்ல சமரசம். நிஜ டேப் கார்ட்ரிட்ஜ் மட்டும் வைத்திருப்பவர்கள் இப்படி நேராக எம்எல்2-வுக்கு அனுப்பக் கூடாது.

இனி ரீகால், அதாவது இறக்கியதை மறுபடி எல்0-வுக்குக் கொண்டுவருவது. மைக்ரேஷன் ராத்திரி யாருக்கும் தெரியாமல் நடக்கும். ரீகால் பகலில் ஒருவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நடக்கும். ஆகவே ஒரு ஸ்டோரேஜ் டீமின் தரத்தை எத்தனை டெராபைட் இறக்கினார்கள் என்பதை வைத்து அளக்கக் கூடாது, எத்தனை தேவையில்லாத ரீகால் வந்தது என்பதை வைத்து அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

தேவையில்லாத ரீகாலுக்கு முதல் ஊற்று, அழிப்பதற்காகவே திரும்பக் கொண்டுவருவது. ஜாபின் முதல் ஸ்டெப்பாக, தானாக எதுவும் செய்யாத புரோகிராமான ஐஇஎஃப்பிஆர்14 வைத்து, பழைய அவுட்புட்டை டெலீட் டிஸ்போசிஷனில் கொடுப்பது எல்லா ஷாப்பிலும் உண்டு. அந்த அவுட்புட் டேப்பில் இருந்தால், முன்பெல்லாம் டேப்பை மவுன்ட் செய்து, முழுவதையும் டிஸ்குக்குக் கொண்டுவந்து, உடனே அழிக்கும். இசட்/ஓஎஸ் 1.11-இலிருந்து சிஸ்டம் அமைப்பு லைப்ரரியான பார்ம்லிபின் அலாக் மெம்பரில் ஐஇஎஃப்பிஆர்14_டெல்மிக்டிஎஸ் என்ற பாராமீட்டருக்கு நோரீகால் கொடுத்தால், எச்எஸ்எம் டேட்டாவைத் தொடாமலே ரெக்கார்டை மட்டும் அழித்துவிடும். ஆனால் டீஃபால்ட் பழைய முறையே. ஐடிகேம்ஸ் டெலீட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது எப்போதும் ரீகால் இல்லாமலே அழிக்கும்.

இரண்டாவது ஊற்று ரெக்ஸ். லிஸ்ட்டிஎஸ்ஐ என்ற ஃபங்ஷனுக்கு நோரீகால் சொல்லாவிட்டால், எம்எல்1 டிஸ்குக்கு இறங்கிய டேட்டாசெட்டின் விவரத்தைக் கேட்டாலே அதை மேலே இழுத்து வரும். எம்எல்1-இல் உள்ள 400 பெயர் கொண்ட ஒரு பட்டியலை லூப்பில் ஓட்டினால் 400 ரீகால். நோரீகால் போட்டால் சிஸ்ரீசன் 9 வரும், "மைக்ரேட் ஆகியிருக்கிறது" என்று அர்த்தம். அதைச் சோதித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

மூன்றாவது, மாதக் கடைசி, வருடக் கடைசி ஜாப்கள். இங்கே ரீகால் தேவைதான், நேரம்தான் தப்பு. ஒரு ஜாபில் 30 டிடி இருந்து, முப்பதும் டேப்பில் இருந்தால், அலகேஷன் டீஃபால்ட்டாக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ரீகாலுக்குக் காத்திருக்கும். ஒரே டேப்பில் 10 இருந்தாலும் வரிசை ஜேசிஎல் வரிசைதான். அலாக் மெம்பரில் பேட்ச்_ஆர்சிஎல்மிக்டிஎஸ் பாராமீட்டரை பேரலல் ஆக்குவது ஒரு வழி. இன்னும் எளியது, முந்தைய மாலையே, கமாண்டுகளை ஜாபாக ஓட்டும் ஐகேஜேஇஎஃப்டி01-இல் எச்ரீகால் கமாண்டுகளை நோவெயிட்டோடு வரிசையாக விட்டுவிடுவது. பல சிஸ்டங்கள் இணைந்த சிஸ்ப்ளெக்ஸில் காமன் ரீகால் க்யூ இயக்கியிருந்தால், அவை பகிரும் கப்ளிங் ஃபெசிலிட்டியில் எல்லா வேண்டுகோளும் ஒன்று சேர்ந்து, ஒரு டேப்பை ஒருமுறை ஏற்றும்போது அதிலுள்ள அனைத்தையும் எடுத்துவிடும்.

பயனர் கமாண்ட் கொடுக்கும் திரையான டிஎஸ்ஓவில் ஏஆர்சி1020ஐ என்று ஒரு மெசேஜ் வந்து திரை உறைந்து நின்றால் பயப்பட வேண்டாம். டேப்பிலிருந்து வருகிறது, அட்டென்ஷன் கீயை அழுத்தினால் ரீகால் பின்னணியில் தொடரும், செஷன் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதுதான் அதன் செய்தி. பலர் செஷனையே கேன்சல் செய்யச் சொல்லி ஆபரேட்டரைக் கூப்பிடுகிறார்கள்.

இறக்கிய மறுநாளே திரும்ப வருவது, மறுபடி இறங்குவது: இந்த ஊஞ்சலைப் பிடிக்க எஸ்எம்எஃப் ரெக்கார்டு, அதாவது சிஸ்டத்தின் செயல்பாட்டுப் பதிவு வேண்டும். செட்சிஸ் எஸ்எம்எஃப் 240 என்று கொடுத்தால் தினசரிக் கூட்டல்கள் 240-இலும், ஒவ்வொரு டேட்டாசெட்டின் செயலும் 241-இலும் எழுதப்படும். 241-இல் மைக்ரேஷனையும் ரீகாலையும் பெயர்வாரியாகச் சேர்த்து, இடைப்பட்ட நாளைக் கணக்கிடுங்கள். ஒரு கிளாஸில் ரீகால்கள் இறக்கிய 5 நாளுக்குள் குவிந்தால், அந்த கிளாஸின் நான்-யூசேஜ் நாள் குறைவு. மாதம் ஒருமுறை படிக்கும் டேட்டாவுக்கு 30 போடுவது இதன் உன்னதமான உதாரணம்: 31-ஆம் நாள் இறங்கி, சில மணி நேரத்தில் திரும்ப வரும். 35 போட்டால் தீர்ந்தது. குறைப்பதானால் ஒரேயடியாக 60-இலிருந்து 15-க்கு வர வேண்டாம். அன்று ராத்திரியே 45 நாள் பாக்கி மொத்தமும் தகுதி பெற்று, ஒதுக்கிய நேரத்துக்குள் முடியாமல் டேப் டிரைவ்களை எல்லாம் பிடித்துக்கொள்ளும். வாரத்துக்கு 10 நாள் வீதம் குறையுங்கள்.

படித்துவிட்டு மாற்றாமல் விட்டவற்றுக்கு ரீகனெக்ட் கைகொடுக்கும். எம்எல்2 டேப்பிலிருந்து வந்த டேட்டாசெட் மாறவே இல்லை என்றால், மறுபடி இறக்கும்போது டேட்டாவை நகர்த்தாமல் பழைய டேப் நகலோடு ரெக்கார்டை மட்டும் இணைத்துவிடும். டேப் மைக்ரேஷன் பாராமீட்டரில் ரீகனெக்ட் ஆல் என்று சொல்ல வேண்டும். மைக்ரேஷன் கிளீனப் டேஸின் மூன்றாவது எண், அந்தப் பழைய ரெக்கார்டை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதைத் தீர்மானிக்கிறது.

டேப் பக்கம் ரீசைக்கிள். எம்எல்2 டேப்பில் இருப்பவை ஒவ்வொன்றாக ரீகால் ஆகியும் காலாவதியாகியும் போக, டேப்பில் ஓட்டை விழும். மிச்சத்தைத் திரட்டி வேறு டேப்பில் எழுதி, பழையதை விடுவிப்பதுதான் ரீசைக்கிள். எத்தனை சதவீதம் வரை உயிரோடு உள்ள டேப்பை எடுப்பது என்று சொல்லும் பெர்சென்ட் வேலிட் எண்ணை எவ்வளவு வைப்பது? கணக்கு எளியது. 20 சதவீதம் உயிரோடு உள்ள 10 டேப்பை எடுத்தால், 2 டேப் அளவு நகர்த்தி 8 டேப்பை மீட்கிறோம். 80 சதவீதம் உள்ள 10-ஐ எடுத்தால், 8 டேப் அளவு நகர்த்தி 2-ஐ மீட்கிறோம். டேப் பற்றாக்குறை கழுத்தை நெரிக்காதவரை 20, 30-க்கு மேல் போகத் தேவையில்லை. முதலில் டிஸ்ப்ளேயோடு ஓட்டிப் பட்டியலைப் பார்த்துவிட்டு எக்சிக்யூட் கொடுங்கள். பழைய மீடியாவையே ஒழிக்கும்போது மட்டும் கணக்கு வேறு: வால்யூம் ரேஞ்ச் கொடுத்து 100 போட்டால், முழு டேப்பும் புதிய யூனிட்டுக்கு நகரும். வர்ச்சுவல் டேப்பில் ஒரு சின்னப் பொறி. எச்எஸ்எம் விடுவித்த லாஜிக்கல் வால்யூம் ஸ்கிராட்ச்சுக்கு (மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் டேப்புகள்) போனாலும், டெலீட் எக்ஸ்பயர் நேரம் கழியும்வரை பெட்டிக்குள் இடத்தைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும்.

இதையெல்லாம் தாங்கி நிற்பது மூன்று விசாம் கோப்புகளும் (சிடிஎஸ்), அவற்றின் மாற்றங்களைப் பதியும் ஒரு ஜர்னலும். எது எங்கே இறங்கியது என்பது எம்சிடிஎஸ், பேக்கப் விவரம் பிசிடிஎஸ், டேப்பின் உள்ளடக்கம் ஓசிடிஎஸ். இவை போனால் டேட்டா இருந்தும் இல்லாத மாதிரிதான். எம்எல்1-இல் நகலின் பெயர் எச்மிக், எழுதிய நேரம், மூலப் பெயரின் முதல் இரண்டு குவாலிஃபயர் (புள்ளியால் பிரிந்த பெயர்ப் பகுதி), தேதி என்ற வடிவில் இருக்கும். மூன்றாவது குவாலிஃபயர் தொடங்கி எதுவும் கிடையாது. எம்எல்2 டேப்பில் நிலைமை இன்னும் மோசம்: ஒவ்வொரு டேப்பிலும் எச்மிக்டேப் டேட்டாசெட் என்ற ஒரே பெயர்தான் லேபிளில் இருக்கும், உள்ளே ஆயிரம் டேட்டாசெட் இருந்தாலும். ஆகவே சிடிஎஸ் பேக்கப் தினமும், ஸ்பேஸ் மேனேஜ்மென்ட் தொடங்கும் முன், வேறு பெட்டியில் உள்ள வால்யூமுக்கு. அந்த பேக்கப் வெற்றியாக முடிந்தால்தான் ஜர்னல் காலியாகும். இரண்டு நாள் தவறினால் ஜர்னல் நிறைந்து ஏஆர்சி0026இ வரும், எச்எஸ்எம்மின் பெரும்பாலான வேலைகள் ஹோல்டில் நிற்கும். பேக்கப் நகலை மீட்ட பிறகு, அதற்கப்புறம் நடந்தவற்றை ஜர்னலிலிருந்து அப்டேட்சி கமாண்டால் ஏற்ற வேண்டும். நகலும் ஜர்னலும் ஒரே வால்யூமில் இருக்கக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கேட்லாக் மைக்ராட் என்கிறது, ஆனால் எச்ரீகால் ஏஆர்சி1102ஐ கொடுத்து அப்படி ஒன்று இறங்கவே இல்லை என்கிறது: இரண்டு புத்தகமும் பொருந்தவில்லை. அவசரப்பட்டு கேட்லாக் என்ட்ரியை மட்டும் நீக்கும் நோஸ்கிராட்ச்சில் அழிக்க வேண்டாம். முதலில் எச்லிஸ்டில் போத் ஆப்ஷனோடு மைக்ரேஷன், பேக்கப் இரண்டையும் பாருங்கள். பேக்கப் வெர்ஷன் இருந்தால் எச்ரிகவர் வேலையை முடித்துவிடும். ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில் என்றால் ஆடிட் டேட்டாசெட் கன்ட்ரோல்ஸ் மைக்ரேஷன், முதலில் எதையும் திருத்தாமல் காட்ட மட்டும் செய்யும் நோஃபிக்ஸோடு. அதுவும் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், நீண்ட நேரம் எடுக்கும்.

கடைசியாக, ஒரு அப்ளிகேஷனை மூடும்போது "எல்லாவற்றையும் எம்எல்2-வுக்கு அனுப்பிவிட்டோம், ஆர்க்கைவ் ஆயிற்று" என்று எழுதி முடிப்பதைப் பற்றி. மைக்ரேஷன் வேறு, ஆர்க்கைவ் வேறு. மேனேஜ்மென்ட் கிளாஸில் எக்ஸ்பயர் ஆஃப்டர் டேஸ் நான்-யூசேஜ் 365 என்று இருந்தால், டேப்பில் கிடக்கும்போதும் நாள் எண்ணப்படும். ஒரு வருடம் கழித்து செகண்டரி ஸ்பேஸ் மேனேஜ்மென்ட் சத்தமில்லாமல் அழித்துவிடும். மூடுவதற்கு முன் தனி கிளாஸ், எக்ஸ்பயர் நோலிமிட் அல்லது சட்டம் கேட்கும் ஆண்டுக்கு உறுதியான நாள், பிறகு எச்மைக்ரேட். விசாம் கோப்புகளை ரெப்ரோ செய்து சீக்வென்ஷியலாகவும், டிபி2 டேபிள்களை அன்லோடு செய்து டேபிள் வரையறையான டிடிஎல்லோடும் வையுங்கள். அதோடு ரெக்கார்டின் அமைப்பைச் சொல்லும் கோபால் காப்பிபுக்குகளையும் அதே முன்னொட்டில், அதே நாளில், அதே கிளாஸில் இறக்குங்கள். எட்டு வருடம் கழித்துத் திரும்ப எடுப்பவர் கையில் மெயின்பிரேம் எழுத்துக் குறியீடான எப்சிடிக் பைட்டுகள்தான் இருக்கும். 40-ஆவது காலத்தில் தொடங்கும் 5 பைட் காம்ப்-3 (பேக்டு டெசிமல்) எண்ணுக்குத் தசமப் புள்ளி எங்கே என்று அந்தக் காப்பிபுக் மட்டும்தான் சொல்லும்.